வதந்தி நாட்களில் நிர்வாகம்: 2023 மார்ச் முதல் வாரம், திருப்பூர் அருகே ஓர் ஊராட்சி

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற வதந்தி பரவியபோது, 2023 மார்ச் 1 முதல் ஏப்ரல் இறுதி வரை ஓர் ஊராட்சியில் நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அப்போது நான் அந்தப் பகுதிக்கு மண்டலத் துணை வட்டாட்சியராக இருந்தேன். ஊர், நிறுவனங்கள், ஆட்கள் எவருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை. எடுக்கப்பட்ட முடிவுகளில் ஒன்று தவறானது. அது என்னுடையது என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஊராட்சி திருப்பூர் மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே, அவிநாசிப் பக்கம் உள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்பு சோளக்காடாகவும் பருத்திக்காடாகவும் இருந்த நிலத்தில் இன்று பனியன் கம்பெனிகளும், அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும், அங்கே உழைப்பவர்கள் தங்கும் லைன் வீடுகளும் நிற்கின்றன. நிலத்தை விற்க மனமில்லாத குடும்பங்கள் பத்துக்குப் பத்து அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டு, கிணறு வற்றிய தோட்டத்தைவிட அந்த வாடகையையே நம்பி வாழ்கின்றன. ஆகவே வெளிமாநிலத் தொழிலாளி கம்பெனிக்காரருக்கு மட்டும் வேண்டியவர் அல்லர். வீட்டுக்காரரும், மளிகைக் கடைக்காரரும், பணம் அனுப்பித் தரும் ரீசார்ஜ் கடைக்காரரும் அவரை நம்பியே இருக்கிறார்கள்.

பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே மூன்று விதமாகத் தங்கியிருந்தார்கள். சில ஆண்டுகளாகவே இருப்பவர்கள் மனைவி மக்களோடு லைன் வீடுகளில் இருந்தார்கள். மேஸ்திரி வழியாக வந்த இளைஞர்கள் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராக இருந்தார்கள். நடுத்தர அளவிலான ஓர் ஏற்றுமதி நிறுவனம் தன் வளாகத்துக்குள்ளேயே தங்கும் விடுதி கட்டியிருந்தது. முதல் இரு வகையினர் பெரும்பாலும் பீஸ் ரேட்டில் (ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) வேலை செய்து சனிக்கிழமை தோறும் கூலி வாங்குபவர்கள். விடுதியில் இருந்தவர்களுக்கு மாதச் சம்பளம். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

இவர்களைப் பற்றி அரசிடம் இருந்த பதிவு மிகக் குறைவு. அப்போது நடப்பில் இருந்த 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்களையே கணக்கில் கொண்டது. அண்ணன் கூப்பிட்டான், மாமன் கூப்பிட்டான் என்று ரயிலேறி வந்தவர் அதற்குள் வரவில்லை. 2020 ஊரடங்கில் அரிசி, பருப்பு கொடுப்பதற்காக எடுக்கப்பட்ட பட்டியல் ஒன்று கிராம நிர்வாக அலுவலரின் நோட்டில் கிடந்தது. அதில் இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது.

2020-ஐப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. மார்ச் 29 அன்று, தொழிலாளர்கள் எங்கிருக்கிறார்களோ அங்கேயே நிறுத்தப்பட வேண்டும் என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. மே 1 அன்றுதான் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. அந்த ஐந்து வாரங்களும் அலுவலகக் கோப்பில் நிவாரணப் பணிக் காலம். தொழிலாளர்களின் நினைவிலோ அது ஊருக்குப் போக முடியாமல் அடைபட்டுக் கிடந்த காலம். 2023-இல் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கணிக்க முயன்ற எங்களில் ஒருவருக்கும் இது உரிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

உடனடிப் பின்னணியாக, 2023 ஜனவரியில் திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர் இளைஞர்களைத் துரத்தும் காணொளி ஒன்று பரவியது. அதன்பின் எங்கள் பகுதிக் கம்பெனிகளிடமிருந்து தொழிலாளர்களின் ஆதார் நகல்கள் வாங்கப்பட்டன. ஒழுங்குக்காகச் செய்யப்பட்ட வேலைதான். எதற்காக வாங்குகிறார்கள் என்று நகலைக் கொடுத்தவர்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை.

மார்ச் 1, 2: முதல் அறிகுறிகள்

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியோடு காணொளிகள் அந்த வாரம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கின. அவற்றில் சில வேறு மாநிலங்களில் நடந்தவை. கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட ஒரு நிகழ்வும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் மார்ச் 2 அன்று காணொளி வாயிலாக மறுப்பு வெளியிட்டார். பீகார் சட்டமன்றத்திலும் இந்த விவகாரம் எழுந்தது.

எங்கள் ஊராட்சியில் ஒரு தாக்குதலும் நடக்கவில்லை. புகாரும் இல்லை. ஆகவே அலுவலக அளவில் அங்கே எந்த நிகழ்வும் இல்லை. முதல் அறிகுறி வந்தது ஒரு மளிகைக் கடையிலிருந்து. வேறொரு வேலையாகப் போன கிராம நிர்வாக அலுவலரிடம் கடைக்காரப் பெண்மணி சொன்னதை அவர் அப்படியே எனக்குச் சொன்னார்: "பற்று எழுதுன காசைக் கேக்காமயே மூணு பேரு கொண்டாந்து குடுத்துட்டாங்க மேடம். எனக்கு அப்பவே சங்கடமாப் போச்சுங்க." சனிக்கிழமை கூலி வாங்கியபின் தீர்க்க வேண்டிய பற்றை வியாழனன்றே தீர்க்கிறவர், திரும்பி வருவதைப் பற்றி நிச்சயமில்லாதவர். ரீசார்ஜ் கடைக்காரரும் அதையே வேறுவிதமாகச் சொன்னார்: வழக்கமாக அவரிடம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்பவர்கள், இப்போது கணக்கில் உள்ளதை எடுத்துக் கையில் தரச் சொல்கிறார்கள்.

இருந்தாலும் இதை எப்படிப் படிப்பது என்பதில் குழப்பம் இருந்தது. மார்ச் 8 ஹோலி. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தைய வாரத்தில் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போவார்கள். எர்ணாகுளத்திலிருந்து பாட்னா செல்லும் ரயிலிலும், ஆலப்புழாவிலிருந்து தன்பாத் செல்லும் ரயிலிலும் பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமிருக்காது. திருப்பூர் ரயில் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தின் புகைப்படத்தை ஒருவர் "அஞ்சி ஓடுகிறார்கள்" என்றும் மற்றொருவர் "பண்டிகைக்குப் போகிறார்கள்" என்றும் பொருள் கொள்ளலாம். அந்த வாரம் அந்த இரண்டையும் ஊடகங்கள் செய்தன. எங்களுக்கு உதவியவை சிறிய வேறுபாடுகள்தான். ஹோலிக்குப் போகிறவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த மாட்டார். அடுப்பையும் சைக்கிளையும் விற்க மாட்டார். அந்த வியாழனன்று லைன் வீடுகளில் ஒரு குடும்பம் அடுப்பை விற்றிருந்தது. அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்கப்பட்டிருந்தது.

மார்ச் 3, வெள்ளி: ஒலிபெருக்கி

கூட்டம் போடுங்கள், இந்தியில் விளக்குங்கள், புகைப்படம் அனுப்புங்கள் என்று மேலிருந்து வாய்மொழியாக அறிவுரை வந்தது. அறிவுரையில் தவறில்லை, அதை நிறைவேற்றிய விதத்துக்கு நானே பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரமாகப் பார்த்து, மிகப் பெரிய லைன் வீட்டு வளாகத்தின் முன்னால் கூட்டம் ஏற்பாடு செய்தேன். இரண்டு காவல் வாகனங்கள், ஒரு வருவாய்த்துறை ஜீப், சீருடையில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆட்டோவில் ஒலிபெருக்கி. இந்தி தெரிந்த ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் எங்களுக்காகப் பேசினார். பரவும் காணொளிகள் பொய்யானவை, தமிழ்நாட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், வதந்தி பரப்புபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்பதே செய்தி. உதவி எண் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

ஏன் அப்படி முடிவு செய்தேன் என்றால், உண்மை எங்கள் பக்கம் இருந்தது. அதை உரக்கச் சொன்னால் போதும் என்று நம்பினேன். காவலர்களை அதிகமாக அழைத்தது, பாதுகாப்பு இருக்கிறது என்று கண்ணால் காட்டுவதற்காக.

ஆட்கள் கீழே இறங்கி வரவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள். ஒடிசாக்காரர்களுக்குப் பேச்சு முழுவதும் புரியவில்லை. இரவு ஒன்பது மணிக்குள் அந்தப் படம் பீகாரில் ஒரு மாவட்டத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. பேச்சு கேட்காத படம். போலீஸ் வளைத்திருக்கும் கட்டடம். மறுநாள் காலை, பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கும் பீகார் மேஸ்திரி ஒருவர் நல்ல தமிழில் என்னிடம் சொன்னார்: "ஒண்ணும் நடக்கலேன்னு சொன்னீங்க சார். ஒண்ணும் நடக்கலேன்னா எதுக்கு இத்தனை போலீஸ்னு ஊர்ல கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அவர் சொன்ன மற்றொரு செய்திதான் எங்கள் புரிதலை மாற்றியது. போவதா இருப்பதா என்ற முடிவு அந்த அறைகளில் எடுக்கப்படவில்லை. அவருடைய ஆட்களில் ஒரு டெய்லருக்கு இங்கே எதுவும் நடக்கவில்லை என்பது நன்றாகவே தெரியும். அவர் தினமும் கடைத்தெருவில் நடக்கிறவர். ஆனால் மகன் ரயிலேறிவிட்டான் என்று தெரியும்வரை சாப்பிட மாட்டேன் என்று ஊரில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒலிபெருக்கி வைத்து விளக்கியது ஏற்கெனவே உண்மை தெரிந்தவர்களுக்கு. முடிவெடுப்பவர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள்.

மார்ச் 4, சனி: பூட்டிய கேட்

சனிக்கிழமை காலை பதினோரு மணியளவில் ரீசார்ஜ் கடைக்காரர் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏற்றுமதி நிறுவனத்தின் விடுதி கேட், உள்பக்கமிருந்து எடுக்கப்பட்டது, பூட்டு தெளிவாகத் தெரிந்தது. கீழே இந்தியில் எங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற வரி. மற்ற காணொளிகளெல்லாம் எங்கோ நடந்தவை. இது எங்கள் ஊரில், அன்றைக்கு, உண்மையாகவே இருந்த பூட்டு.

நிறுவனத்துக்குப் போனோம். உரிமையாளர் மறைக்கவில்லை. வியாழன் இரவு முதல் எட்டு மணிக்குமேல் கேட்டைப் பூட்டுகிறார். வெளியாட்கள் வந்து வம்பு செய்தால் என்ன ஆவது என்பதற்காக. இரவில் பையன்களை வெளியே விட வேண்டாம் என்று காவல்துறையில் ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். நாங்கள் "ஒன்றும் இல்லை" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அரசின் மற்றொரு கை "வெளியே விடாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறது. இரண்டையும் கேட்ட தொழிலாளி எதை நம்புவார் என்று யோசிக்கத் தேவையில்லை.

வெள்ளி இரவு முதல் பகலிலும் பூட்டு தொடர்ந்தது. அதற்குக் காரணம் வேறு. மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தது. பிப்ரவரிச் சம்பளம் மார்ச் 7 அன்று தரப்படும் என்று அறிவித்திருந்தார். ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் ஏழாம் நாளுக்குள் சம்பளம் தந்தால் போதும் என்று அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் சொன்னதால் அதில் சட்ட மீறல் இல்லை. ஆனால் இங்கிருந்து பாட்னாவுக்கு ரயிலில் இரண்டு நாட்களுக்குமேல் ஆகும். ஹோலிக்கு வீடு போய்ச் சேர விரும்புகிறவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளம்ப வேண்டும். ஏழாம் தேதி சம்பளம் என்பதற்கு, பண்டிகைக்குப் போகாதே என்பதே பொருள். உரிமையாளரிடம் இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "பசங்க போயிட்டாத் திரும்பி வருவாங்களான்னு யாருங்க சொல்ல முடியும்? கப்பல் நமக்காக நிக்குமுங்களா?"

அவரைக் கொடியவராகக் காட்டுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. கடன் வாங்கி இயந்திரம் போட்டவர், நான்கு நாட்களில் ஆளில்லாமல் நிற்கும் நிலையை எண்ணிப் பயந்திருந்தார். அந்தக் கேட்டுக்கு உள்ளே இருந்த அச்சமும் வெளியே இருந்த அச்சமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தடுத்து வைத்தல் அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 342-ஆம் பிரிவில் குற்றம் என்று எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, காவல்துறைக்கு அனுப்பலாம். தொழிலாளர் துறைக்கு எழுதி அவர்கள் வரும்வரை காத்திருக்கலாம். அல்லது அங்கேயே உட்கார்ந்து பேசி, மாலைக்குள் கேட்டைத் திறக்கவும் சம்பளத்தை அன்றே தரவும் வைக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தேன். எழுத்து நடவடிக்கை எடுத்தால் அது அன்று மாலையே செய்தியாகும். "அடைத்து வைக்கப்பட்ட தொழிலாளர்கள் மீட்பு" என்ற தலைப்பு அந்த வாரத்தில் எங்கெல்லாம் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். தொழிலாளர் துறையின் பதில் வருவதற்குள் ஹோலி முடிந்துவிடும். ஆனால் எழுதாமல் விட்டதால், அந்தப் பூட்டு அரசின் எந்தப் பதிவிலும் இல்லை. வேறோர் அலுவலர் இதே சலுகையைக் காட்டியிருந்தால், முதலாளிக்கு வேண்டியவர் என்று நானே சொல்லியிருப்பேன். களத்தில் நிற்கும் கடைநிலை அலுவலரின் விருப்புரிமைதான் மக்கள் உண்மையில் சந்திக்கும் கொள்கை என்று 1980-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி வாதிட்டார். அந்த விருப்புரிமை பயனுள்ளதாகவும் இருக்கும், கணக்குக் கொடுக்காததாகவும் இருக்கும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

உரிமையாளரிடம் நான் சட்டத்தைக் கடைசியில்தான் எடுத்தேன். முதலில் வேறொன்றைக் கேட்டேன்: பூட்டைத் திறந்தால் யார் போவார்கள், பூட்டியே வைத்தால் யார் திரும்பி வருவார்கள் என்று. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் ஒப்புக்கொண்டார். பிப்ரவரிச் சம்பளம் முழுவதும் அன்று மாலை கணக்கில் ஏற்றப்பட்டது. போக விரும்புகிறவர் போகலாம், திரும்பும் பயணச் சீட்டின் பணத்தை வந்தபின் நிறுவனம் தரும் என்று அவருடைய மேலாளர் அறிவித்தார். காவலாளி வழக்கம்போல இரவு பதினொரு மணிக்குக் கேட்டைச் சாத்துவார், பூட்ட மாட்டார். லைன் வீட்டுப் பக்கத்துச் சிறு பட்டறைகளிலும், சனிக்கிழமைக் கூலியில் பிடித்தம் எதுவும் இந்த வாரம் வேண்டாம் என்று ஊராட்சித் தலைவர் மூலம் கேட்டுக்கொண்டோம்.

இதற்குள் வேறொரு யோசனையும் வந்தது: கூட்டத்தைக் குறைக்கச் சிறப்பு ரயில் கேட்டு மேலே எழுதலாமே என்று. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தியால் பெங்களூரிலிருந்து பல ஆயிரம் பேர் சில நாட்களில் வெளியேறினார்கள். அப்போது குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் நாடு முழுவதும் கட்டுப்பாடு வந்தது. ரயில் நிலையத்தில் தவித்து நிற்பவர்களுக்கு அந்த ரயில் தேவைதான். ஆனால் அரசே வண்டி விடுகிறது என்றால் நிலைமை எவ்வளவு மோசமோ என்று வீட்டில் இருப்பவர் எண்ணுவதும் இயல்பு. கேட்டைத் திறந்து வைப்பது ஒன்று, வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவது வேறொன்று. எங்கள் ஊராட்சியிலிருந்து அப்படி எழுதவில்லை.

மார்ச் 5, ஞாயிறு: சந்தை

ஊராட்சியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் வெளிமாநிலத்தவர்கள். உள்ளூர் இளைஞர்களின் குழு ஒன்றில், அவர்கள் கூட்டமாக வந்து தகராறு செய்யப் போகிறார்கள் என்ற எதிர் வதந்தியும் சனி இரவு ஓடியது. ஊராட்சித் தலைவர் அந்தக் குழுவின் நான்கைந்து பேரை வீட்டுக்கு அழைத்துப் பேசி முடித்தார். முன்னெச்சரிக்கையாகச் சந்தையை அந்த ஒரு வாரம் நிறுத்திவிடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. வெள்ளிக்கிழமை அனுபவத்துக்குப் பின் நான் அதற்கு உடன்படவில்லை. சந்தை வழக்கம்போல நடந்தது. காவலர்கள் சாதாரண உடையில் நான்கு பேர் மட்டும் வந்தார்கள். நானும் ஜீப்பைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து போனேன்.

மேஸ்திரியிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஊரிலிருந்து யார் அழைத்தாலும் சந்தையில் நின்று காணொளி அழைப்பில் பேசச் சொல்லுங்கள். அதற்கு மேல் நாங்கள் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. காலை பத்து மணியளவில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று, கைபேசியைச் சுற்றிலும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். ஒரு பெண் தன் மாமியாரிடம் கோழிக்கடைக்காரரைக் காட்டினார். அவரும் கத்தியோடு கையை ஆட்டிவிட்டு, கத்தியைப் பார்த்ததும் அவசரமாகக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஆட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு சென்னை, திருப்பூர், கோவை ஆகிய இடங்களில் தொழிலாளர்களையும் அலுவலர்களையும் சந்தித்ததும் அந்த நாட்களில்தான். அவர்கள் எங்கள் ஊராட்சிக்கு வரவில்லை. ஆனால் தங்கள் மாநிலத்து அதிகாரிகளே வந்து பார்த்தார்கள் என்ற செய்தி, எங்கள் மறுப்புகள் எதுவும் எட்டாத வீடுகளை எட்டியது என்று மேஸ்திரி பின்னர் சொன்னார்.

தொடர்ந்து நடந்தவை

விடுதியிலிருந்து சனி இரவும் ஞாயிறும் பலர் கிளம்பினார்கள். உரிமையாளர் எனக்கு அழைத்து வருத்தப்பட்டார். திங்களன்று கிளம்புவதாக இருந்தவர்களில் சிலர் கிளம்பவில்லை. கையில் சம்பளம் இருக்கிறது, கேட் திறந்திருக்கிறது, வேண்டுமானால் நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டார்கள். லைன் வீடுகளில் குடும்பத்தோடு இருந்தவர்கள் பெரும்பாலும் நகரவில்லை. அடுப்பை விற்ற குடும்பம் போய்விட்டது, திரும்பவும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்ட வீட்டார் அதை வாங்க வரவேயில்லை, பிள்ளைகள் புதன்கிழமை முதல் பள்ளிக்கு வந்தார்கள். ஹோலி அன்று லைன் வீட்டு வாசலில் வண்ணப்பொடி பூசிக்கொண்டார்கள். வீட்டுக்காரப் பாட்டி தண்ணீர் வீணாவதைப் பற்றித் திட்டினார்.

மார்ச் நான்காம் வாரம் முதல் ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஏப்ரல் இறுதியில் விடுதி ஏறக்குறைய நிறைந்திருந்தது, ஆனால் அதில் புதுமுகங்களும் உண்டு. சரக்கு சில நாட்கள் தாமதமாகப் போனது. கேட்டைத் திறந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் நிறுவ முடியாது. அந்த வாரத்தின் பிற்பகுதியில் மாநிலமெங்கும் அச்சம் தணிந்தது. பொய்க் காணொளிகளைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. இரு மாநில அரசுகளும் ஒரே குரலில் பேசின. எங்கள் ஊராட்சியில் மட்டும் தனியாக எதுவும் தணிந்துவிடவில்லை. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது குறுகியது: வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பின் பற்றுத் தீர்த்தவர்கள் கூடினார்கள், சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பின் குறைந்தார்கள். மளிகைக் கடை நோட்டை வைத்து இதை இரண்டு முறை சரிபார்த்தோம்.

ஏன் அப்படி நடந்தது

வதந்தியின் வலிமை, அந்த விஷயத்தின் முக்கியத்துவத்தையும் அதைச் சுற்றியுள்ள தெளிவின்மையையும் பெருக்கினால் கிடைப்பது என்று 1940-களில் அமெரிக்க உளவியலாளர்கள் ஆல்போர்ட், போஸ்ட்மேன் இருவரும் விளக்கினார்கள். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. உயிர்பயம் என்ற முக்கியத்துவத்தை நிர்வாகம் குறைக்க முடியாது. தெளிவின்மையைத்தான் குறைக்க முடியும். நானும் அதைத்தான் செய்ய முயன்றேன். தவறு, எது தெளிவில்லாமல் இருந்தது என்பதைப் புரிந்துகொள்வதில் இருந்தது. தாக்குதல் நடந்ததா இல்லையா என்பதே அவர்களுடைய கேள்வி என்று நினைத்தேன். அவர்களுடைய கேள்வி, ஒருவேளை நடந்தால் நான் இங்கிருந்து போக முடியுமா என்பது. முதல் கேள்விக்கு ஒலிபெருக்கி பதில் சொன்னது. இரண்டாவது கேள்விக்குச் சம்பளமும் கேட்டும்தான் பதில் சொல்ல முடியும். 2020-இல் அதற்கு "முடியாது" என்ற பதிலை அரசே கொடுத்திருந்தது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் முன்வைத்த வெளியேற்றம், குரல் என்ற பாகுபாடும் இங்கே உதவுகிறது. ஓர் அமைப்பில் மனக்குறை உள்ளவர் அதைச் சொல்லித் திருத்தப் பார்ப்பார் அல்லது விலகிப் போவார். இங்கே வாக்கில்லாத, மொழி தெரியாத, சங்கமில்லாத தொழிலாளிக்குக் குரல் ஏறக்குறைய இல்லை. இருக்கும் ஒரே பிடி வெளியேறும் உரிமைதான். அதையும் அடைத்தால் குரல் பிறக்காது, கேட்டின் உள்ளிருந்து எடுத்த புகைப்படம்தான் பிறக்கும். உதவி எண்ணுக்கு எங்கள் ஊராட்சியிலிருந்து எனக்குத் தெரிந்து ஒரே ஓர் அழைப்பு போனது. அதைச் செய்தவர் ஓர் உள்ளூர் வீட்டுக்காரர்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் செய்தியில் மறுப்பு இருக்கலாம், ஆனால் அது முதல் வரியாக இருக்கக் கூடாது. கூலி எப்போது வரும், போக விரும்பினால் யாரும் தடுக்க மாட்டார்கள், பிரச்சினை என்றால் இன்னாரிடம் சொல்லலாம் என்பவை முதலில் வர வேண்டும். சீருடையும் வாகனமும் கூட்டத்துக்கு வரக் கூடாது, அருகில் இருக்கட்டும். வருவாய்த்துறை, காவல்துறை, தொழிலாளர் துறை மூன்றும் கம்பெனிக்காரர்களிடம் ஒரே சொல்லைச் சொல்கின்றனவா என்று அன்றன்று மாலை ஒருவர் சரிபார்க்க வேண்டும். எங்களிடம் அந்த ஒருவர் இல்லை. விடுதிப் பூட்டைப் பொறுத்தவரை, நான் பேசித் தீர்த்தது சரியென்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஹோலிக்குப் பிறகாவது தொழிலாளர் துறைக்கு எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை அதே கேட் பூட்டப்பட்டால் முன்பு நடந்தது என்று சொல்ல எந்தத் தாளும் இல்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 பொய் எச்சரிக்கை பரப்புவோருக்கு 54-ஆம் பிரிவில் தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் வதந்தியால் ஓர் ஊரே காலியாவதை நாங்கள் ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கும் வெள்ளம், தீ ஆகியவற்றோடு சேர்த்து எண்ணிப் பழகவில்லை. அறிவிக்கப்படாத நெருக்கடிக்குக் கோப்பும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. அந்த வாரத்தில் எழுதப்பட்டவை ஒரு கூட்டத்தின் புகைப்படமும், "நிலைமை கட்டுக்குள் உள்ளது" என்ற ஒரு வரி அறிக்கையும் மட்டுமே. புகைப்படம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தினுடையது.

தொழிலாளர் பட்டியல் குறித்து என்னிடம் முடிவான கருத்து இல்லை. பட்டியல் இருந்திருந்தால் எந்த மொழிக்காரர் எத்தனை பேர், யாருக்கு எந்த நாளில் கூலி என்று வியாழனன்றே தெரிந்திருக்கும். அதே சமயம், ஜனவரியில் விளக்கமில்லாமல் ஆதார் நகல் வாங்கியதே அச்சத்தின் ஒரு வேர் என்று மேஸ்திரி சொன்னதையும் தள்ள முடியவில்லை. ஏப்ரலில் நாங்கள் செய்தது இடைப்பட்ட ஒன்று: ஒவ்வொரு லைன் வீட்டு வளாகத்திலிருந்தும் அங்கே குடியிருப்பவர்களே தேர்ந்து சொன்ன ஒருவரின் கைபேசி எண்ணைக் கிராம நிர்வாக அலுவலர் வாங்கிக்கொண்டார், அவருடைய எண்ணையும் அவர்களுக்குக் கொடுத்தார். ஒடியா பேசுபவர்களுக்காக ஒரு கட்டிங் மாஸ்டரின் எண் சேர்க்கப்பட்டது. வேறு விவரம் எதுவும் எழுதப்படவில்லை. அந்த எண்கள் இருக்கும் பக்கம், 2020-இன் அரிசிப் பட்டியல் இருக்கும் அதே நோட்டில் இருக்கிறது. நான் அங்கிருந்து மாறுதலாகிச் சென்றபோது அதைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்க முயன்றேன்; அதற்கான கலம் படிவத்தில் இல்லாததால், கடைசி வரியாகக் கையால் எழுதிச் சேர்த்தேன்.